கொடைக்கானல் ஐரிஸ் கானாடுகாத்தானில் பூக்குமா? கிழங்கு பிரிப்பது, கன்று பகிர்வது பற்றி உதவி வேண்டும்

முற்றத்துச்செடி (கானாடுகாத்தான்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானலிலிருந்து தாடி ஐரிஸ் (கீழ் இதழில் தாடி மாதிரி மயிர் இருக்கும் ஐரிஸ்) கிழங்கு ஐந்து வந்திருக்கிறது. ஊதா நிறம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மண்ணோடு தோண்டி, இலையை வெட்டாமல், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வந்தது. வந்து நாலு நாள் ஆகிறது. ஒரு கிழங்கின் அடிப்பக்கம் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகிறது, நாற்றமும் இருக்கிறது. மற்ற நாலும் கெட்டியாக இருக்கின்றன.

இடம் இப்படி: இரண்டாங்கட்டு முற்றத்தில் காலை 7 மணியிலிருந்து 10:30 வரை வெயில் விழும், பிறகு நிழல். மொட்டை மாடியில் நாள் முழுக்க வெயில். மண் செம்மண் சரளை. தண்ணீர் போர் தண்ணீர்தான், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் ரகம்.

இது போக, முற்றத்தில் வாக்கிங் ஐரிஸ் ஒரு பெரிய தூர் இருக்கிறது. மூன்று வருடமாகப் பிரிக்கவில்லை, இருபது விசிறிக்கு (இலைக்கொத்துக்கு) மேல் இருக்கும், பூ குறைந்துவிட்டது. அதைப் பிரித்து நம் குழுவில் கேட்பவர்களுக்குக் கொடுக்க எண்ணம். பிளாக்பெர்ரி லில்லி விதையும் ஒரு கை இருக்கிறது.

மலைக் கிழங்கு இங்கே பூக்குமா? அழுகினதை என்ன செய்வது? வாக்கிங் ஐரிஸை இந்த ஆடியிலேயே பிரிக்கலாமா, மழை முடியட்டும் என்று விடலாமா? வெளியூருக்கு அனுப்பினால் தாங்குமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

மலைத்தோட்டம் (கொடைக்கானல்):

முதலில் அழுகினதைக் கவனியுங்கள், மற்றது அப்புறம். அது மென்னழுகல். பாக்டீரியாவால் வருவது. கிழங்கில் சின்னக் காயம், ஈரம், காற்றில்லாத பை மூன்றும் சேர்ந்தால் நாலே நாளில் இந்த நிலைதான். அந்த நாற்றமே போதும் அடையாளத்துக்கு.

ஐந்தையும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். கெட்டதைத் தனியே வைத்துவிட்டு, நல்ல நாலையும் முதலில் கையாளுங்கள். கை மாறி கத்தி மாறி நோய் பரவுவதுதான் அதிகம். இலையை விசிறி வடிவத்தில் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். இலை நீளமாக இருந்தால் வேர் இல்லாத கிழங்கு அதற்குத் தண்ணீர் கொடுத்தே சுருங்கிப்போகும்.

கெட்டதில், பழைய டீ ஸ்பூனால் கொழகொழவென்று இருப்பதையெல்லாம் சுரண்டி எடுங்கள். வெள்ளையாக, உருளைக்கிழங்கு வெட்டினது மாதிரி கெட்டியான சதை தெரியும்வரை சுரண்ட வேண்டும். பாவம் பார்த்துப் பாதியில் நிறுத்தினால் மறுபடி அழுகும். பிறகு துணிக்குப் போடும் திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து அந்தக் குழியில் ஊற்றிக் கழுவி, இரண்டு நாள் காற்றோட்டமான இடத்தில் காய வையுங்கள். வெட்டு வாய் தோல் மாதிரி உலர்ந்துவிட வேண்டும். சுரண்டின பிறகு பாதிக்குக் குறைவாகத்தான் மிச்சம் இருக்கிறது என்றால் எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

மண்ணோடு வந்தது எனக்குப் பிடிக்கவில்லை, யார் கொடுத்திருந்தாலும். மலை மண்ணை அப்படியே கீழே அனுப்பக் கூடாது. நீலகிரியில் 1961இல் உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு நூற்புழு (வேரைத் தாக்கும் நுண்புழு) கண்டுபிடித்தார்கள். பிற்பாடு கொடைக்கானல் பக்கமும் இருப்பது தெரிந்தது. அது மண்ணோடுதான் ஊர் ஊராகப் போகும். கீழ்நாட்டுச் சூட்டில் அது பிழைப்பது கஷ்டம் என்றாலும், வேர்முடிச்சு நூற்புழு, களைக் கிழங்கு, நத்தை முட்டை எல்லாம் அதே மண்ணில்தான் வருகின்றன. வேரைக் கழுவி மண்ணை நீக்குங்கள், அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் தார்ச்சாலையிலோ வாசல் சிமெண்டிலோ ஊற்றிக் காயவிடுங்கள்.

இன்னொன்று பாருங்கள். ஒவ்வொரு கிழங்கின் இலைக்கொத்துக்கு நடுவில், வெட்டிய பூந்தண்டின் அடிக்கட்டை தெரிகிறதா? தெரிந்தால் அந்தக் கிழங்கு பூத்து முடிந்தது. தாடி ஐரிஸில் ஒரு கிழங்கு ஒரே தடவைதான் பூக்கும். அடுத்த பூ அதன் இரண்டு பக்கமும் விடும் பக்கக்கிழங்குகளில்தான் வரும். கொடுக்கிறவர்கள் தெரியாமல் நடுக்கிழங்கை, அதுதான் பெரிதாக இருக்கிறது என்று கொடுத்துவிடுவார்கள். பக்கத்தில் கட்டைவிரல் அளவு முளை இருந்தால் பரவாயில்லை.

உங்கள் ஊரில் பூக்குமா என்ற கேள்விக்கு என் பதில்: பூக்காது. நம்பிக்கை கொடுத்து உங்கள் இரண்டு வருடத்தை வீணாக்க விரும்பவில்லை.

செம்மண் (தேவகோட்டை):

மலைத்தோட்டம் சொன்னதற்குக் காரணத்தைச் சேர்த்துச் சொல்கிறேன், இல்லாவிட்டால் "உரம் போதவில்லை போல" என்று ஆளாளுக்கு உரம் போட்டுப் பார்ப்பார்கள்.

தாடி ஐரிஸுக்குப் பூமொட்டு கிழங்குக்குள் உருவாவதற்கு வாரக்கணக்கில் குளிர் வேண்டும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம், மார்கழி தை இரவுகளில் ஒற்றை இலக்க டிகிரிக்கு இறங்கும். நம் பக்கம் மார்கழியிலேயே இரவு 20 டிகிரி வாக்கில்தான் நிற்கும். குளிர் வந்ததாகவே அந்தக் கிழங்குக்குத் தெரியாது. இலை மட்டும் விடும். அதற்கு மேல் இன்னொரு இடி: அது கேட்பது வறண்ட கோடையும் மேற்புறம் வெயில் படும் கிழங்கும். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. மேலாக நட்டால் சித்திரை வெயிலில் கிழங்கு வெந்துபோகும், ஆழமாக நட்டால் ஐப்பசியில் அழுகும். எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் அடி.

ஆகவே அந்த நாலையும் நன்றாக உலர்த்தி, மலையில் இருக்கும் யாருக்காவது திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் அந்தச் செடிக்குச் செய்கிற நல்லது.

நம் மண்ணுக்குச் சரியானவை அதே குடும்பத்தில் வேறு இருக்கின்றன. ஐரிடேசி பெரிய குடும்பம். குங்குமப்பூவும் கிளாடியோலஸும் அதைச் சேர்ந்தவைதான். அதில் சூட்டைத் தாங்குகிறவை என்று நான் தைரியமாகச் சொல்வது மூன்று: உங்களிடம் இருக்கும் வாக்கிங் ஐரிஸ், பிளாக்பெர்ரி லில்லி, அப்புறம் டையட்டிஸ் என்கிற ஆப்பிரிக்க ஐரிஸ்.

பிளாக்பெர்ரி லில்லியை லில்லி என்கிறார்களே தவிர அதுதான் அசல் ஐரிஸ். முன்பு பெலம்கந்தா என்று தனிப் பெயர் இருந்தது, டி.என்.ஏ. ஆய்வுக்குப் பிறகு 2005இல் ஐரிஸ் டொமெஸ்டிகா என்று ஐரிஸ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளி. ஒரு பூ ஒரு நாள்தான், சாயங்காலம் துணி பிழிந்தது மாதிரி முறுக்கிக்கொண்டு மூடும். ஆனால் ஒரு தண்டில் மொட்டு வரிசையாக இருப்பதால் வாரக்கணக்கில் பூ இருக்கும். இதற்கு மொட்டை மாடி முழு வெயில் சரி. விதையை 24 மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீரை இரண்டு தடவை மாற்றி, 1 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆவணியில் போடுங்கள். மூன்று வாரத்தில் ஒன்று முளைக்கும், இன்னொன்று இரண்டு மாதம் கழித்துத் தலைகாட்டும். முளைக்கவில்லை என்று ட்ரேயைக் கவிழ்த்துவிடாதீர்கள். பழைய விதை என்றால் ஈரமான தேங்காய் நார்த்தூளில் புதைத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் மூன்று நாலு வாரம் வைத்துவிட்டுப் போட்டால் முளைப்பு கொஞ்சம் ஒன்றுபோல வரும். விதைச்செடி பெரும்பாலும் அடுத்த வருடம்தான் பூக்கும். தூர் பிரித்து வைத்தது முந்திக்கொள்ளும்.

டையட்டிஸ் பற்றிச் சுருக்கமாக: வெயில் தாங்கும், வறட்சி தாங்கும், மழைக்குப் பின் அலை அலையாகப் பூக்கும். பூ முடிந்த தண்டை வெட்டிவிடாதீர்கள், பெரும்பாலும் அதே தண்டில்தான் அடுத்த தடவையும் பூக்கும். பிரித்து நட்டால் கோபித்துக்கொண்டு ஒரு பருவம் சும்மா இருக்கும், அதனால் பகிர்வதற்கு விதைச்செடி நல்லது.

இனி வாக்கிங் ஐரிஸ். பூ குறைந்ததற்குக் காரணம் நெருக்கடி. நடு விசிறிகளின் வேருக்கு மண்ணே இருக்காது. ஆடிப்பெருக்கு கழிந்ததும் பிரிக்கலாம், ஆவணி கடைசிக்குள் முடித்துவிடுங்கள். பிரித்த கன்று வேர் ஊன்ற ஐந்து ஆறு வாரம் ஆகும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் அந்த அவகாசம் கிடைத்துவிட வேண்டும். ஆவணியில் முடியாவிட்டால் தை பிறந்த பிறகுதான். பங்குனி முதல் வைகாசி வரை கையே வைக்காதீர்கள், அக்னி நட்சத்திரத்தில் பிரித்தது பத்தில் ஏழு காய்ந்துபோகும்.

முதல் நாள் சாயங்காலம் தூருக்குத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் காலையில், தூரின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் கடப்பாரையால் நெகிழ்த்தி மொத்தமாகக் கிளப்புங்கள். தூருக்கு நடுவில் மண்வெட்டி போடாதீர்கள். நம் சரளையில் மண்வெட்டி வழுக்கி இரண்டு விசிறியை நறுக்கிவிடும். கிளப்பினதைத் தண்ணீர் வாளியில் அமுக்கி ஆட்டினால் மண் கரைந்து எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று தெரியும். முக்கால்வாசி கையாலேயே பிரியும். பிரியாத இடத்தில் மட்டும் கத்தி, ஒவ்வொரு தூருக்கும் நடுவில் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன்று என்றால் ஒரு முழு விசிறி, அதில் குறைந்தது நாலு வேர். இலையைப் பாதியாக வெட்டுங்கள். சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாத் தூள்) லிட்டருக்கு 10 கிராம் கரைத்து வேரை அரை மணி நேரம் முக்கி, நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்தி நடுங்கள். பிளீச் தொட்ட செடியை அதே நாளில் சூடோமோனாஸில் முக்க வேண்டாம், பிளீச் அந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

மண் கலவை: செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் 1 பங்கு, 10 அங்குலத் தொட்டிக்கு வேப்பம் பிண்ணாக்கு ஒரு கைப்பிடி. ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் போடுகிறவர்கள் அதை மூன்று தடவை கழுவிப் போடுங்கள். கழுவாவிட்டால் அதிலிருக்கும் தூள் செம்மண்ணோடு சேர்ந்து தரை போட்டது மாதிரி இறுகிவிடும், தண்ணீர் மேலேயே நிற்கும். நடும்போது இலை விசிறி ஆரம்பிக்கும் கழுத்து மண்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். கழுத்து புதைந்தால் மழையில் நடுக்குருத்து கழன்று கையோடு வந்துவிடும்.

ஆத்தங்குடி வாசகர்:

குளிர்தான் பிரச்சினை என்றால் அந்தத் தாடி ஐரிஸ் கிழங்கை இரண்டு மாதம் ஃப்ரிட்ஜில் வைத்து நடலாமே? டூலிப்புக்கு அப்படிச் செய்கிறார்களே?

மலைத்தோட்டம் (கொடைக்கானல்):

டூலிப் குமிழ் கிழங்கு, தோல் மூடி உறங்கும். சாப்பாடு, மொட்டு எல்லாம் உள்ளே மடித்து வைத்திருக்கும். அதற்கு ஃப்ரிட்ஜ் போதும். தாடி ஐரிஸ் உறங்குவதில்லை. இலையும் வேரும் உயிரோடு இருந்து, வெளிச்சத்தில் சமைத்துக்கொண்டே குளிரை வாங்க வேண்டும். இருட்டு ஃப்ரிட்ஜில் ஈரத்தோடு இரண்டு மாதம் இருந்தால் வருவது பூ இல்லை, அழுகல்.

இணையத்தில் "டச்சு ஐரிஸ்" என்று சின்ன வெங்காயம் மாதிரி குமிழ் விற்கிறார்கள். அதைக் குளிரூட்டி நட்டால் ஒரு தடவை பூ பார்க்கலாம். அடுத்த வருடத்துக்குக் குமிழ் தேறாது. நூறு இருநூறு செலவழித்து ஒரு வாரப் பூ என்று தெரிந்து வாங்கினால் சரி.

கிழங்குப்பெட்டி ஆச்சி (காரைக்குடி):

எல்லோரும் நடுவதைச் சொல்லிவிட்டீர்கள். கொடுப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், அதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஐரிஸ் கிழங்கைக் காய்ந்த நிலையில் பார்த்தால் வசம்பு மாதிரியே இருக்கும். கணுக்கணுவாக, பழுப்பாக, சுருங்கி. இலையும் அதே வாள் வடிவம். வெள்ளைக்காரன் நாட்டில் குளத்தோரம் வளரும் மஞ்சள் ஐரிஸுக்கு "போலி வசம்பு" என்ற பொருளில்தான் சூடாகோரஸ் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று சொல்லி, சுட்டு உரசிக் குழந்தைக்கு வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. ஐரிஸ் கிழங்கு விஷம். வாயில் பட்டால் எரியும், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஆடு மாடு தின்றாலும் அப்படித்தான். பெயர் எழுதாத ஒரு பொட்டலம் அடுக்களை அலமாரிக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வித்தியாசம் கண்டுபிடிக்க இலையைக் கசக்குங்கள். வசம்பு இலையைக் கசக்கினால் கிழங்கின் அதே காரமான வாசம் குப்பென்று வரும். இலை நடுவில் ஒரு நரம்பு தடித்து, ஒரு பக்கமாகத் தள்ளி ஓடும். ஐரிஸ் இலையில் புல் வாசம்தான். ஆனால் சந்தேகத்தில் எதையும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், வசம்பு உட்பட.

பிளாக்பெர்ரி லில்லியிலும் ஒரு எச்சரிக்கை. காய் வெடித்தால் உள்ளே விதை கறுப்பாக, பளபளவென்று, கொத்தாக உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் கண்ணுக்கு அது பழுத்த மணத்தக்காளிதான். தோட்டத்தில் மணத்தக்காளி பறித்துத் தின்கிற பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் காய் வெடிக்கும் முன்பே தண்டை வெட்டிக் காகித உறையில் தலைகீழாகப் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். விதையும் சிதறாது.

இனி பெயர்ச்சீட்டு. ஸ்கெட்ச் பேனா, மார்க்கர் எதுவும் நம் வெயிலில் ஆறு மாதம் தாங்காது. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா மூடியை விரலகல நாடாவாக வெட்டி, சாதாரணப் பென்சிலால் அழுத்தி எழுதுங்கள். வருடக்கணக்கில் அழியாது. செடிப் பெயர், பூ நிறம், பிரித்த தேதி, "உண்ணக் கூடாது" இந்த நாலும் இருக்க வேண்டும். சீட்டு மட்டும் போதாது, அது பொட்டலத்திலேயே உதிர்ந்துவிடும். விசிறியில் வெளி இலை ஒன்றின் மேல் மார்க்கரால் பெயரை எழுதிவிடுங்கள். வெட்டின இலை காய்வதற்குள் நட்டுவிடுவார்கள், அதுவரை பெயர் கூடவே இருக்கும். வெளிநாட்டில் ஐரிஸ் வளர்ப்பவர்கள் பலரும் ரகங்களைக் குழப்பமில்லாமல் கைமாற்ற இப்படி எழுதுகிறார்கள்.

பொட்டலம் கட்டுவது செடிக்குச் செடி மாறும். தாடி ஐரிஸ் கிழங்கைக் கழுவி இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டால் இரண்டு வாரம்கூடத் தாங்கும். ஈரமே ஆகாது. வாக்கிங் ஐரிஸ் அப்படி இல்லை, அதன் வேர் மெல்லியது, காய்ந்தால் போச்சு. தேங்காய் நார்த்தூளை நனைத்துக் கையால் இறுகப் பிழிந்து, சொட்டுத் தண்ணீர் வராத பதத்தில் வேரைச் சுற்றி வைத்து, பழைய வேட்டித் துணியால் கட்டுங்கள். இலைப்பக்கம் உலர்ந்தே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் போட்டே ஆக வேண்டும் என்றால் வேருக்கு மட்டும், கழுத்துக்கு மேலே ஏறக் கூடாது. பெட்டியில் நாலு பக்கமும் பென்சில் நுழையும் அளவு துளை. இப்படி நாலு நாள் தாங்கும்.

கூரியரில் திங்கட்கிழமை போடுங்கள். வெள்ளிக்கிழமை போட்டால் ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கிடங்கில் வேகும். சென்னைக்கு என்றால் பல்லவன் ரயிலில் போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது, விடிகாலை ஏறினால் மதியம் நடலாம்.

முற்றத்துச்செடி (கானாடுகாத்தான்):

ஆச்சி, வசம்பு விஷயம் என் மனதில் படவே இல்லை. ரொம்ப நன்றி. அழுகின கிழங்கைச் சுரண்டிப் பார்த்தேன், கால்வாசிகூட மிஞ்சவில்லை, எரித்துவிட்டேன். மற்ற நாலில் மூன்றில் நடுவே பூந்தண்டுக் கட்டை இருக்கிறது.

வாக்கிங் ஐரிஸில் இரண்டு சந்தேகம். ஒன்று, இலை நுனி எல்லாம் ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பாகக் கருகுகிறது. இரண்டு, நுனியில் குட்டிக் கன்று விட்டதை வெட்டி நட்டால் பாதி செத்துவிடுகிறது. தூரைப் பிரிக்காமல் அந்தக் குட்டிகளையே நிறையப் பேருக்குக் கொடுக்க முடிந்தால் நல்லது.

செம்மண் (தேவகோட்டை):

நுனிக் கருகல் உங்கள் போர் தண்ணீர் உப்பு. தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தொட்டியில் தங்குகிறது, செடி அதை இலை நுனிக்குத் தள்ளுகிறது. தொட்டியின் வெளிப்பக்கம், மண்ணின் மேல் வெள்ளைப் பூப்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம். மாதம் ஒரு தடவை தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வழியவிடுங்கள். அதற்கு மழைத் தண்ணீர் இருந்தால் அருமை. உங்கள் ஊரில் முற்றத்துக் கூரைத் தண்ணீரைத் தூம்பு வழியாக அண்டாவில் பிடிக்கிற வசதி பழைய வீடுகளில் உண்டே, இரண்டு குடம் மூடி வைத்தால் போதும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், வழிந்த உப்பை மறுபடி உறிஞ்சும். மழைக்காலத்தில் தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். சாம்பல் போடுகிற பழக்கம் இருந்தால் இந்தத் தண்ணீருக்கு அது வேண்டாம், ஏற்கெனவே காரம் அதிகம்.

குட்டிக் கன்று விஷயம். நீங்கள் வேர் வரும் முன்பே வெட்டுகிறீர்கள். இந்தச் செடியின் பூந்தண்டைக் கவனித்துப் பாருங்கள், அது இலை மாதிரியே தட்டையாக இருக்கும், நடு மட்டும் விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும். நுனிக்குச் சற்று முன்னால் ஓரத்தில் ஒரு வாய் பிளந்து மொட்டு வரும். காலையில் விரிந்து சாயங்காலம் வாடும். அந்த வாயிலிருந்தே சில நாள் விட்டு இன்னொன்று, இன்னொன்று என்று பூக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் அதே இடத்தில் குட்டி விசிறி புறப்படும், எடை ஏற ஏறத் தண்டு தரையை நோக்கி வளையும். அதனால்தான் நடக்கிற ஐரிஸ் என்று பெயர். பூ வாடியதும் தண்டை வெட்டுகிறவர்கள் கன்றை வெட்டுகிறார்கள்.

குட்டியின் அடியில் வெள்ளையாக, அரிசி மாதிரி வேர்மொட்டு துருத்திக்கொண்டு வரும். அதுவரை தொடாதீர்கள். வந்ததும், தாய்த்தொட்டி பக்கத்தில் 4 அங்குலத் தொட்டி ஒன்றில் நார்த்தூளும் மணலும் சரிபாதி நிரப்பி வைத்து, தண்டை வளைத்துக் குட்டியின் அடி மட்டும் கலவையில் பதியும்படி ஒரு கொண்டை ஊசியால் குத்தி நிறுத்துங்கள். தாயோடு இருப்பதால் காயாது. நாலு முதல் ஆறு வாரத்தில் மெதுவாக இழுத்துப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும். அப்போது தண்டை இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் விட்டு நறுக்குங்கள். ஒரு தாய்த்தூரைச் சுற்றி இப்படி ஆறு ஏழு சின்னத் தொட்டி வைத்தால் ஒன்றுகூடச் சாகாது. கொண்டை ஊசி துருப்பிடித்தால் கவலை இல்லை.

இடம் உங்கள் முற்றமே போதும். மொட்டை மாடிக்கு ஏற்றாதீர்கள், உச்சி வெயிலில் இலை வெளுத்துக் காகிதமாகிவிடும். அதே நேரம் முழு நிழலில் இலை கரும்பச்சையாக ஜோராக இருக்கும், பூ இருக்காது. விசிறியின் அடியில், இலையும் இலையும் சேரும் மடிப்பில் மாவுப்பூச்சி ஒளியும். குழாயால் பீய்ச்சிக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு கலந்து சாயங்காலத்தில் மடிப்புக்குள் இறங்கும்படி அடியுங்கள். பிரித்து வைத்த கன்றுகளை மயில் கிளறும். நட்ட இரண்டு மாதத்துக்குப் பழைய மீன் வலையோ கருவேல முள்ளோ சுற்றிலும் போடுங்கள்.

ஆத்தங்குடி வாசகர்:

மேலே சொன்ன மஞ்சள் குளத்து ஐரிஸ் நம் பக்கம் வருமா? ஊர் ஊருணிக் கரையில் வரிசையாக வைத்தால் அழகாக இருக்குமே.

கிழங்குப்பெட்டி ஆச்சி (காரைக்குடி):

தம்பி, தயவுசெய்து வேண்டாம். அந்தச் செடி பல நாடுகளில் நீர்நிலையைப் பிடித்துக்கொண்ட களை. கிழங்கு பாய் மாதிரி பின்னிக் கரையை அடைக்கும், விதை மிதந்தே அடுத்த குளத்துக்குப் போகும். ஆகாயத்தாமரையை அழகு என்று கொண்டுவந்து நாம் பட்டது போதும். நம் ஊருணி குடிதண்ணீருக்கு வெட்டினது, அதில் விஷக் கிழங்கு எதற்கு?

தண்ணீரோரச் செடிதான் வேண்டும் என்றால் லூசியானா ஐரிஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் சூடான சதுப்பு நிலத்துச் செடி, நம் சூட்டுக்கு ஓரளவு ஒத்துப்போகும். வீட்டுக்குள் துளையில்லாத சிமெண்ட் தொட்டியில் வையுங்கள். தாடி ஐரிஸுக்கு நேர் எதிர் குணம்: கிழங்கு மேலே தெரியவே கூடாது, ஓர் அங்குல மண்ணும் அதற்கு மேல் காய்ந்த இலை மூடாக்கும் வேண்டும், எப்போதும் ஈரம், கொஞ்சம் புளிப்பு மண், நிறைய உரம். நம் செம்புறை மண் அதற்குப் பிடிக்கும், போர் தண்ணீர் பிடிக்காது.

மலைத்தோட்டம் (கொடைக்கானல்):

முற்றத்துச்செடி, அந்த நாலு கிழங்கையும் எனக்கே அனுப்பிவிடுங்கள். உலர்த்தி, செய்தித்தாளில் சுற்றி. மூன்று பூத்து முடிந்தது என்றாலும் பக்கமுளை விடும். இங்கே நட்டு, பூத்தால் எந்த ஊதா என்று படம் போடுகிறேன். பதிலுக்கு அனுப்ப என்னிடம் உங்கள் ஊருக்குச் சரிப்படுவது டையட்டிஸ் விதைதான், ஒரு உறை அனுப்புகிறேன். ஊற வைத்துப் போடுங்கள்.

முற்றத்துச்செடி (கானாடுகாத்தான்):

அப்படியே செய்கிறேன். திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன், கிழங்கு காய்கிறது. வாக்கிங் ஐரிஸைப் பதினெட்டாம் பெருக்கு கழித்துப் பிரிக்கிறேன். முற்றத்துக்கு ஆறு விசிறி வைத்துக்கொண்டு பதினாலு கொடுக்கலாம். வெள்ளையும் நீலமும் கலந்த பூ. வேண்டுபவர்கள் இங்கேயே ஊர் பெயரோடு எழுதுங்கள். காரைக்குடி, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் என்றால் நேரில் வந்து, ஒரு வாளியும் நனைத்த துணியும் கொண்டுவந்து வாங்கிக்கொள்ளலாம். பென்சில் சீட்டு எழுதி வைத்துவிடுகிறேன்.

கிழங்குப்பெட்டி ஆச்சி (காரைக்குடி):

எனக்கு இரண்டு எடுத்து வை அம்மா. நேரில் வருகிறேன். வரும்போது கொண்டை ஊசி ஒரு அட்டை கொண்டுவருகிறேன்.